அம்புக்குறி போட்ட வட்டம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் மேல் நமக்கெல்லாம் ஒரு பொறாமை உண்டு. மழையில் நனைய வேண்டாம், பஸ்ஸில் இடிபட வேண்டாம், காலையில் எழுந்ததும் மேலதிகாரி முகத்தில் விழிக்க வேண்டாம். நான் சொல்லப்போகிற பெண்ணையும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அவள் அறைக்குள் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் ஒருத்தரும் பொறாமைப்பட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

அவள் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைகிறவள். இன்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார். எந்தச் சுவர் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், படிக்கட்டு எங்கே திரும்பும் என்பதையெல்லாம் கணினியில் கோடு கோடாக இழுத்து அனுப்புவது அவள் வேலை. கோணல் என்றால் அவளுக்குக் கண்ணை உறுத்தும். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பிடுகிற கையோடு எழுந்துபோய் முழங்கையால் நேராக்கிவிட்டு வந்து உட்காருவாள். அதனால் அவள் கணவன் அவளுக்கு ‘அடிக்கோல்’ என்று பெயர் வைத்திருந்தான். “அடிக்கோலு, ஒரு வாய் தண்ணி கொடு” என்பான். அவளும் கோபித்துக்கொள்வது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டே கொடுப்பாள்.

அவனுக்கும் அதே தொழில்தான். ஹாலின் ஒரு பாதியைப் பலகை வைத்து மறைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. ஆளுக்கொரு மவுஸ். கணினி ஒன்று என்பதால் திரையில் ஓடுகிற அம்புக்குறியும் ஒன்றுதான். யார் மவுஸை அசைத்தாலும் அது அசையும். ஒரே சைக்கிளில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் ஹேண்டிலைத் திருப்புகிற மாதிரி, அந்த மேஜையில் பகல் முழுக்க ஒரு செல்லச் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

அவள் வரைந்ததில் தவறு இருந்தால் அவன் வாய் திறந்து சொல்லமாட்டான். மனைவி முகம் வாடுவது அவனுக்குப் பொறுக்காது. பேசாமல் தன் மவுஸை எடுத்து, தவறு இருக்கிற இடத்தைச் சுற்றி அம்புக்குறியை மெதுவாக வட்டமடிக்க வைப்பான். ஒன்று, இன்னொன்று, அவள் பார்க்கும் வரைக்கும். “வட்டம் போட்டாச்சா? சரி, என்ன தப்பு?” என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தேடுவாள். அவள் கண்டுபிடிக்கும் வரை அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொல்லித் தரமாட்டான். அதுதான் அவர்களுக்குள் வழக்கம்.

போன மழைக்காலத்தில் பாதி எழும்பியிருந்த ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனவன், அதன் மாடிப்படியில் உட்கார்ந்தான். “மூச்சு வாங்குது, கொஞ்சம் இருங்க” என்று கொத்தனாரிடம் சொன்னானாம். கொத்தனார் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அதைக் குடிக்க அவன் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். அவளும் மாமனாரும். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்த மனிதர், மகன் போன பிறகு குரலை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டார். அவருக்கு மருமகள் முகத்தைப் பார்க்கப் பயம். பார்த்தால் அவள் அழுதுவிடுவாளோ என்று. அவளுக்கும் அவரைப் பார்க்க அதே பயம். “மாமா, மாத்திரை போட்டீங்களா?” “போட்டேம்மா.” “நீ சாப்பிட்டியாம்மா?” “ஆச்சு மாமா.” இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. அவர் அறைக்கும் அவள் மேஜைக்கும் நடுவே இருந்தது அந்தப் பலகை மறைப்பு மட்டும்தான். ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். அப்படியிருந்தும் பேச்சில்லை.

ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணவனுடைய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்தாள். மூக்குக்கண்ணாடி, அளவு டேப், அவன் குடிக்கிற கப், கால்குலேட்டர், மேஜையில் இருந்த எல்லாம். மாமனாரும் கூடமாட நின்று எடுத்துக் கொடுத்தார். பெட்டியைப் பரண்மேல் ஏற்றியாயிற்று. மறுநாள், மாமனாரின் தங்கை வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள் என்று போன் வந்தது. தங்கை வீடு ரயிலில் ஒரு பகல் தூரம்.

“போயிட்டு வரவாம்மா? நீ தனியா இருப்பியே” என்று அவர் தயங்கினார்.

“கதவைப் பூட்டிக்கிறேன் மாமா. அத்தைக்கு உங்களை விட்டா யார் இருக்கா? போங்க.”

அவர் போனார். அந்த வாரத்தில்தான் அது முதல்முதலாக நடந்தது.

ஒரு மாடி வீட்டுப் பிளானை முடித்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தாள். நன்றாகப் பகல் வெளிச்சம். ஜன்னல் திறந்திருந்தது. காபி கப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மவுஸ் மேஜைமேல் கிடந்தது. அதன் பக்கத்தில் யாருமில்லை.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

முதலில் ஒரு நடுக்கம் மாதிரி. பிறகு மெதுவாக, தெரிந்தவர் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி, பிளானின் குறுக்கே போய்ப் படிக்கட்டின் மேல் திருப்பத்தில் நின்றது. அங்கே ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது.

  “ஏங்க?” என்றாள்.

அம்புக்குறி நின்றுவிட்டது.  பிறகு, பழைய பழக்கம் பாருங்கள், அது காட்டிய இடத்தில் என்ன தப்பு என்று தேட ஆரம்பித்தாள். தப்பு இருந்தது. மேல் படியில் கால் வைக்கிறவனுக்குத் தலைக்கு மேலே வருகிற உத்தரம் தாழ்ந்திருந்தது. அப்படியே கட்டியிருந்தால் அந்த வீட்டில் வளர்ந்த ஆள் எவனும் நெற்றி வீங்காமல் மாடி ஏற முடியாது. திருத்தி அனுப்பினாள். “நல்லவேளை கவனிச்சீங்க, நான்கூடப் பார்க்கலை” என்று இன்ஜினியர் போனில் சொன்னபோது, “சரி சார்” என்றாள்.

மாமனார் திரும்பி வந்தார். அவரிடம் இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வயதான மனுஷன், பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவர் நெஞ்சில் இதைவேறு ஏற்ற வேண்டுமா என்று விழுங்கிவிட்டாள்.

ஆனால் அது நிற்கவில்லை. அவர் வந்த பிறகு அநேகமாகத் தினமும் மத்தியானத்தில் அம்புக்குறி தானாக அசைய ஆரம்பித்தது. அவள் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள், இழுக்கிற கையிலிருந்து யாரோ பிடுங்குகிற மாதிரி அது நழுவும். வட்டமடிக்கும். சிலசமயம் தானாக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இழுத்தும் போய்விடும். வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. மறைப்புக்கு அந்தப் பக்கம் துணி உரசுகிற மாதிரி லேசாக ஒரு ‘சர்... சர்...’ மட்டும் கேட்கும். மின்விசிறி காற்றில் திரைச்சீலை ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

இன்ஜினியர் போன் செய்தார்.

“ஏம்மா, சமையலறைக்குள்ள கட்டில் கிடக்குதே. வீட்டுக்காரர் படுத்துக்கிட்டே அடுப்பு ஊதப் போறாரா?”

“சார், அது... கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு சார். தானா நகருது.”

“கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வந்திருக்கும், கட்டிலை இழுத்துப் போட்டிருக்கும். ரிப்பேர் பண்ற ஆளைக் கூப்பிடும்மா.”

ரிப்பேர்காரர் வந்தார். தோளில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். கணினியைப் பிரித்துத் தூசியை ஊதினார். வைரஸ் இருக்கிறதா என்று அலசினார். வெளியிலிருந்து யாராவது இண்டர்நெட் வழியாக உள்ளே நுழைகிறார்களா என்று பார்த்தார். அவள் மவுஸைக் கழற்றிவிட்டுப் புது மவுஸ் மாட்டிக் கொடுத்தார். அவர் இருந்த நேரம் முழுக்க அம்புக்குறி நல்ல பிள்ளையாக நின்றது. வந்தவரைத் தனியாக விடக்கூடாது என்று மாமனாரும் தன் அறையைவிட்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “எந்த ஏரியா தம்பி? அங்க இருந்து எந்த பஸ்ல வந்தீங்க?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நிக்குமே, அந்த மாதிரிங்க” என்று ரிப்பேர்காரர் பையை மூடினார். “எல்லாம் சுத்தமா இருக்கு. ரொம்ப நேரம் திரையையே பார்த்தா கண்ணுக்கு அசையற மாதிரி தெரியும். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கக்கா.”

அவர் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டார். மாமனார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் மேஜைக்கு வந்தாள். புது மவுஸைத் தொடக்கூட இல்லை. அம்புக்குறி கிளம்பியது. ஒரு வட்டம்.

அன்றைக்குத்தான் அவள் சந்தேகப்படுவதை விட்டாள். சந்தேகம் போனதும் பயமும் போய்விட்டது. அதுதான், கண்ணுகளா, இந்தக் கதையில் நாம் பயப்பட வேண்டிய இடம்.

மத்தியானம் வர வேண்டுமே என்று காத்திருக்க ஆரம்பித்தாள். தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்தாள். குரலைத் தாழ்த்தி, “வந்தாச்சா? இன்னைக்கு ஏன் லேட்டு?” என்றாள். அம்புக்குறி எங்கே வட்டமடிக்கிறதோ அங்கே தப்பைத் தேடினாள். படிக்கட்டு விஷயத்தில் சரியாகச் சொன்னவன் மற்றதில் தவறாகவா சொல்லுவான்? தப்பு எதுவும் தெரியாவிட்டால் தன் கண்ணில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, இருப்பதை மாற்றினாள். ஜன்னலைச் சுற்றினால் ஜன்னலைப் பெரிதாக்கினாள். கதவைச் சுற்றினால் கதவை நகர்த்தினாள்.

இன்ஜினியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “குளிக்கிற அறைக்கு இவ்வளவு பெரிய ஜன்னலா? ஊரே வந்து வேடிக்கை பார்க்கவா? ஏம்மா, இத்தனை வருஷத்துல உன் பிளானை நான் ரெண்டாந்தடவை பார்த்ததே கிடையாது. இப்ப கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கு. உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனா இன்னும் ஒரு தடவை இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குறேன். மனசுல வச்சுக்க.”

அந்த வேலைதான் அந்த வீட்டின் அடுப்பு. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்து, “பார்த்தீங்களா, உங்களாலதான் திட்டு வாங்குறேன்” என்று சிரித்தாள். சிரித்தாள்! வீட்டுக்காரன் உயிரோடு இருந்தபோது எப்படிச் சொல்லுவாளோ அப்படி.

பிறகு அந்தத் தூண் வந்தது.

ஒரு பெரிய குடும்பத்துக்கு மாடி வைத்த வீடு. ஹாலின் நடுவில் ஒரு தூண். மேல் தளத்தின் பாரம் பாதி அதன் தலையில்தான். அம்புக்குறி அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் வந்தால் போதும், தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த நாளும் அதே தூண். அதற்கடுத்த நாளும்.

அவள் இன்ஜினியரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். “சார், ஹால் நடுவுல இருக்கிற தூண் அவசியமா சார்?”

“வீடு நிக்கிறது அவசியம்னா அதுவும் அவசியம்மா. என்ன கேள்வி இது? நான் வெளியூர் கிளம்பிட்டிருக்கேன். நாளைக்கு மறுநாள் கம்பி கட்டுறவங்க வராங்க. பிளானை நேரா மேஸ்திரிக்கே அனுப்பிடு. ஏற்கெனவே போட்டுக் கொடுத்தபடி இருக்கணும், புரியுதா?”

அதாவது, இடையில் பார்த்துத் திருத்த ஆள் கிடையாது. அவள் என்ன அனுப்புகிறாளோ அதை வைத்து வீடு எழும்பும். அதன் கீழே குழந்தை குட்டிகள் படுத்துத் தூங்கும்.

மறுநாள் மத்தியானம் அவள் மேஜைமுன் உட்கார்ந்தாள். அம்புக்குறி வந்தது. தூணைச் சுற்றியது.  “இன்ஜினியர் வேணும்னு சொல்றாரே. நீங்க வேண்டாம்னு சொல்றீங்களா? தெளிவாச் சொல்லுங்க. இந்த ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லுங்க” என்றாள். அம்புக்குறி சுற்றியது. தூண் வேண்டும் என்றால் அவன் பேச்சைத் தட்டியதாக ஆகும். ஒருமுறை தட்டினால் அவன் திரும்ப வராமல் போய்விட்டால்?  மவுஸை இறுக்கிப் பிடித்துத் தூணைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள்.

ஹால் வெறுமையாகத் திறந்து கிடந்தது.

“ஆச்சு. இப்ப சரிதானே?”

அம்புக்குறி நிற்கவில்லை. தூண் இருந்த இடத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. ஒன்றுமில்லாத இடத்தை, அதே நிதானத்தில், வட்டம், வட்டம், வட்டம்.

 அவள் கணவன் அப்படிச் செய்யமாட்டான். தப்பைத் திருத்திவிட்டால் கையை எடுத்துவிடுவான். ஒரு நாளும் அதற்குமேல் ஒரு சுற்றுச் சுற்றியதில்லை. அப்படியென்றால் இது யார்? இத்தனை நாளாக யாரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம்? யார் பேச்சைக் கேட்டு ஒரு வீட்டின் காலை ஒடித்தோம்?

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தனக்குப் பித்துப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று இன்னொரு ஜோடிக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கண் ஒருத்தருக்குத்தான் இருந்தது. அம்புக்குறியைச் சுற்றவிட்டுவிட்டு, மறைப்பைத் தாண்டிப் போய், மாமனாரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. மடியில் ஒரு துண்டு விரித்திருந்தது. துண்டின்மேல் அவர் வலது கை. கையடியில் ஒரு கறுப்பு மவுஸ். பெருவிரல் படும் இடத்தில் சாயம் தேய்ந்து வெளுத்துப்போன மவுஸ். வால் இல்லாத, வயர் இல்லாத வகை. பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த அவன் மவுஸ்.

அவர் கை மெதுவாகத் துண்டின்மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சர்... சர்...

கதவைப் பிடித்துக்கொண்டே அவள் திரும்பிப் பார்த்தாள். மறைப்பின் ஓரமாகத் திரை தெரிந்தது. கை சுற்றியது, அம்புக்குறி சுற்றியது. தூக்கத்தில் கை ஒரு கணம் நின்றது. அம்புக்குறியும் நின்றது.

அந்த மவுஸின் மறுபாதி, விரல் நகம் அளவு ஒரு ரிசீவர், கணினிப் பெட்டியின் முதுகில் அவன் இருந்த நாளிலிருந்தே செருகியபடி இருந்திருக்கிறது. அவளும் எடுக்கவில்லை. அது கீபோர்டுக்கானது என்று நினைத்து ரிப்பேர்காரரும் தொடவில்லை.

இதைக் கேட்கிற உங்களுக்கு, அப்பாடா என்று இருக்கும். அவளுக்கு அப்படி இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஒருமுறை போனவன், இப்போது அவள் கண்முன்னே இரண்டாம் முறை போனான். கதவு நிலையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் கிழவர் விழித்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். துண்டை இழுத்து மவுஸை மூடினார். திருட்டுத் தின்பண்டத்தோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி.

“நான்... பெட்டியில வைக்கும்போது எடுத்துட்டேம்மா. உன்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டா நீ அழுவியேன்னு... உன் சாமான், எடுத்துக்கம்மா.” இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “எதுக்கு மாமா எடுத்தீங்க?”

“எதுக்குன்னா...”  மவுஸைப் புரட்டிப் பார்த்தார். “அவனுக்குச் சின்னப்பிள்ளையில மூச்சு இழுக்கும். டூட்டி முடிச்சு வந்து, யூனிஃபார்மைக்கூடக் கழட்டாம, குப்புறப் போட்டு முதுகுல இப்படிச் சுத்திச் சுத்தித் தேய்ச்சு விடுவேன். அப்பதான் தூங்குவான். கையை எடுத்தா முழிச்சுக்குவான், படவா. அவன் கை வச்சு வச்சுத் தேஞ்ச சாமான் இது ஒண்ணுதாம்மா. இதுல கை வச்சா அவன் முதுகுல கை வச்ச மாதிரி இருக்கு.”

 வட்டம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடிந்து சொல்ல மனமில்லாமல் அவன் போட்ட வட்டமெல்லாம் அவன் முதுகில் வாங்கிக்கொண்டவை.

“எழுந்து வாங்க மாமா. அதையும் கையில எடுத்துக்கிட்டு வாங்க.”

கணினி முன்னே, அவன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். மேஜையில் மவுஸை வைத்து, “சுத்துங்க” என்றாள். அவர் பயந்துகொண்டே கையை வைத்தார். திரையில் அம்புக்குறி வட்டமிட்டதைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“யாரும்மா அது?”

“நீங்கதான் மாமா.”

“நானா?”

“இத்தனை நாளா நீங்கதான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில், ஜன்னல், தலை வாரிக்கொண்டு காத்திருந்தது, கடைசியாகத் தூண். கேட்கக் கேட்கக் கிழவரின் முகம் சுண்டிப்போனது. “ஐயையோ, பஸ்ஸு இல்லாமலே ஆக்சிடெண்ட் பண்ணப் பார்த்திருக்கேனே! முதல்ல அந்தத் தூணை நிறுத்தும்மா. நான் மூச்சு விடணும்” என்றார்.

அவள் தூணைத் திரும்ப நிறுத்தினாள். நாலு பக்கமும் அளந்து பார்த்தாள். கதவுகள், ஜன்னல்கள் எல்லாவற்றையும் முதலில் இருந்தபடி சரிசெய்தாள்.  மேஸ்திரிக்கு அனுப்பினாள். பிறகு குனிந்து, பெட்டியின் பின்புறத்திலிருந்து அந்த ரிசீவரைப் பிடுங்கி மாமனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது உனக்கு வேண்டாமாம்மா?” என்றார் அவர், இன்னும் மவுஸைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணத்திலேயே.

“ரெண்டும் ஜோடி மாமா. ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க. இனிமே எவ்வளவு வேணும்னாலும் தேய்ச்சு விடுங்க. யார் வீடும் இடியாது.”

அன்றைக்கு அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கிழவருக்குப் பேச்சு வந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் டிரைவர் மகன் என்று பீற்றிக்கொண்டது, ஹாரன் அடிக்கக் கேட்டு அழுதது என்று ஏதேதோ சொன்னார். அவளும் சிரித்தாள், அழுதாள். அழுதால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் பயந்தார்களே, ஒன்றும் ஆகவில்லை.

“இதை ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்லைம்மா” என்றார் மவுஸைக் காட்டி. “தங்கச்சி வீட்டுக்குப் போனப்பகூடப் பையில போட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன். ‘என்னண்ணே அது மடியில?’ன்னு கேட்டா. மருந்து டப்பான்னு சொல்லிட்டேன். ‘மருந்தை யாராவது தடவிக் கொடுப்பாங்களா’ன்னு அந்த ஒடிஞ்ச காலோட சிரிக்கிறா.”

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

“அங்க எடுத்துட்டுப் போனீங்களா மாமா?”

“ஆமாம்மா. அவளுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்கூடத்தான் இருந்துச்சு. ஏன்?”

ரயிலில் ஒரு பகல் தூரம். அடுத்த அறைவரை எட்டுகிற மவுஸ் அங்கிருந்து எட்டாது. அந்த வாரத்தில்தான் அவள் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரத்தில்தான் அம்புக்குறி தெரிந்தவர் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்துபோய், படிக்கட்டின் மேல் திருப்பத்தில் நின்றது. இரண்டே வட்டம். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

“என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்லை மாமா. காபி சூடு.”

அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற என்னிடம்தான் சொன்னாள். கேபிள் வழியாக ஏதாவது கோளாறு வந்திருக்கும், இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும் என்று நானும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தப் படிக்கட்டு வைத்த வீடு இப்போது கட்டி முடிந்து, அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நெட்டையான மனிதர் ஒருவர் குனியாமல் மாடி ஏறுவதை அவள் தெருவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

இன்ஜினியர் இப்போது திட்டுவதில்லை. அம்புக்குறி அதற்குப் பிறகு தானாக அசையவும் இல்லை. ஆனால் ஒரு பிளானை முடித்துவிட்டால் அவள் உடனே அனுப்புவது கிடையாது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் கிழவரின் கை துண்டில் உரசுகிறது, சர்... சர்... அந்தச் சத்தத்தின் கூடவே அவள் கண் பிளான் முழுக்க வட்டமடிக்கிறது, ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு படியாக. யாரும் எதையும் காட்டவில்லை என்றால், ‘சரி, அப்ப அனுப்பிடறேன்’ என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறாள்.